வினாவும் விடையும்: களரியில் நிற்கும் குரல்

கூத்துக் கலைஞரின் குரல் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்த வாசகர்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் எழுதியிருந்தார்கள். ஒரே வினாவைப் பலர் கேட்டிருந்தமையால் அவற்றை ஒன்றாக்கி, எட்டு வினாக்களுக்கு இங்கே விடை தரப்படுகின்றது.

மட்டக்களப்புக் கூத்து வகைகளுள் ஒன்றான வடமோடிக் கூத்தில் அரச வேடம் பழகுகின்றேன். ஆடிக்கொண்டு பாடும்போது மூன்றாவது பாட்டிலேயே மூச்சு முட்டுகின்றது; மறுநாள் தொண்டை அடைத்துவிடுகின்றது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ‘அடிவயிற்றிலிருந்து பாடு’ என்கின்றார். வயிற்றிலிருந்து குரல் எவ்வாறு வரும்?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

உங்கள் அண்ணாவியார் சொன்னது சரி. நீங்கள் அதைக் கேட்டுவிட்டு வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடுகின்றீர்கள் என்பது கடிதத்தின் பிற்பகுதியிலிருந்து தெரிகின்றது. தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி பிறக்கும் முறையை ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்றுதான் சொல்லத் தொடங்குகின்றது. கொப்பூழிலிருந்து எழுகின்ற காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் வெவ்வேறு ஒலியாகின்றது என்பது அந்நூற்பாவின் செய்தி. காற்று இருப்பது சுவாசப்பையில்தான். ஆயினும் மூச்சை உள்ளே எடுக்கும்போது, நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம்போலக் கிடக்கின்ற பிரிமென்றகடு சுருங்கித் தட்டையாகிக் கீழிறங்குவதால், வயிற்றின் உள்ளுறுப்புகள் தள்ளப்பட்டு வயிறு முன்னே புடைக்கின்றது. பாடும்போது வயிற்றுத் தசைகள் மெல்ல மெல்ல உள்வந்து காற்றை அளவாக மேலே அனுப்புகின்றன. பழைய இலக்கணகாரரும் உங்கள் அண்ணாவியாரும் தம் உடலில் உணர்ந்து சொன்னது இந்த அசைவைத்தான். வயிற்றை முன்கூட்டியே இறுக்கிவிட்டால் பிரிமென்றகடு இறங்குவதற்கு இடமிராது, மூச்சு மேல்நெஞ்சில் நின்றுவிடும், தோள் உயரும், கழுத்து நரம்பு புடைக்கும், குறைந்த காற்றைக் கொண்டு பெரிய ஒலியை எழுப்பவேண்டிய பாரம் முழுவதும் குரல்நாண்களின் மேல் விழும்.

பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கொப்பியை வைத்து, மூச்செடுக்கும்போது அது உயர்வதையும் விடும்போது தாழ்வதையும் சில நாட்கள் கவனியுங்கள். பின்னர் எழுந்து நின்று, ‘ஸ்’ என்ற ஒலியை நடுக்கமின்றி 20 செக்கன் வரை வெளிவிட்டுப் பழகுங்கள். அதன் பின்னர் உங்கள் பாட்டின் முதலடியை நின்றுகொண்டும், அடுத்து நடந்துகொண்டும், அதற்கடுத்து மெதுவான தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டும் பாடுங்கள். விரைந்த ஆட்டம் கடைசியிலேயே வரவேண்டும். இன்னொன்று: அடியின் முடிவில் மூச்சு தீர்ந்த பின்னும் கடைசி அசையைப் பிழிந்து எடுக்கின்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். காற்று சிறிது மிச்சமிருக்கும்போதே அடி முடியவேண்டும். முடியாவிட்டால், பொருள் முறியாத இடமொன்றை அண்ணாவியாரிடம் கேட்டு அங்கே மூச்செடுத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் இளம் வயதில் முதன்முதலாக அரச வேடம் கட்டிய இரவில், கூடுபோல விரிந்து நிற்கும் கரப்புடுப்பு நழுவிவிடக்கூடாதென்ற பயத்தில், மூச்சை முழுவதும் வெளிவிட்டு வயிற்றை உள்ளிழுத்த நிலையிலேயே இடுப்புக் கயிற்றைக் கட்டுவித்தேன். களரிக்குள் நுழையும்போது பாடும் வரவுப் பாட்டு முடிவதற்குள் கண் இருண்டது. சதங்கை அணிந்து பழகிய நாட்களில் ஒருநாளும் வராத இளைப்பு அன்று ஏன் வந்தது என்று விளங்குவதற்கு எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. உடுப்புக் கட்டும்போது மூச்சை நிறைய எடுத்து, வயிறு புடைத்திருக்கும் நிலையிலேயே கட்டச் சொல்லுங்கள். அது நழுவுமாயின் தோளிலிருந்து ஒரு தாங்குபட்டி கொடுக்கலாம். அடுக்குப் பார்க்கும் (ஒத்திகை) நாட்களில் ஓரிரு முறையாவது முழு உடுப்போடு பாடிப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

கடைசியாக, பின்னணியில் சேர்ந்து பாடும் சபையோரை நம்புங்கள். பிற்பாட்டு உங்களுக்காகக் கட்டப்பட்ட ஓய்வு. அவர்கள் அடியை எடுத்துப் பாடும்போது நீங்களும் சேர்ந்து உரக்கப் பாடினால், ஆடுவதற்கும் அடுத்த அடிக்கும் வேண்டிய மூச்சை எங்கிருந்து பெறுவீர்கள்? இரவிரவாக நடந்த கூத்துகளில் எங்கள் முன்னோர் குரலோடு விடியலைக் கண்டார்கள் என்றால், அதற்கு அவர்களுடைய தொண்டையின் வலிமையைவிட இந்த ஒழுங்கே பெரிய காரணம் என்பது என் துணிபு.

ஒலிவாங்கி இருந்தும் எங்கள் கலைஞர்கள் கத்துகின்றார்கள். முன்னால் இருப்போருக்குக் காது வலிக்கின்றது. பின்னால் இருப்போர் சொல் விளங்கவில்லை என்கின்றார்கள். என்ன செய்யலாம்?
– ஆரையம்பதி, விழா ஏற்பாட்டாளர் ஒருவர்

சுற்றியிருக்கும் இரைச்சல் கூடும்போது மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகின்றான். லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதனை 1911இல் விரித்தெழுதியமையால் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. மத்தளமும் சல்லரியும் சதங்கையும் பக்கத்தில் ஒலிக்க, ஒலிபெருக்கிகளோ பார்வையாளரை மட்டும் நோக்கியிருக்க, நடிகனுக்குத் தன் குரல் தனக்கே கேட்பதில்லை; ஆகவே கத்துகின்றான். ‘கத்தாதே’ என்று அவனுக்குப் புத்தி சொல்வதால் பயனில்லை. சிறிய ஒலிபெருக்கி ஒன்றை மேடைப் பக்கமாகத் திருப்பி, அதில் மத்தளத்தைக் குறைத்துப் பாட்டை மட்டும் அளவாக விடுங்கள். ஒலிவாங்கிகளுக்கு நேர் பின்னால் அதை வைத்தால் ஊளைச் சத்தமும் அதிகம் வராது. மேலே தொங்கவிடும் ஒலிவாங்கிகளை நான் விரும்புவதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 தெசிபெல் குறைகின்றது. வாயிலிருந்து அரை மீற்றரில் உள்ள ஒலிவாங்கியை இரண்டு மீற்றருக்கு அப்பால் கொண்டுபோனால் 12 தெசிபெல் இழப்பு. அந்த இழப்பை ஈடுசெய்யக் கருவியைக் கூட்டினால் முதலில் உள்ளே வருவது சதங்கையும் பலகைத் தரையின் மிதிச்சத்தமுமே.

பின்னால் இருப்போருக்குச் சொல் விளங்காமைக்கு வேறொரு காரணமும் உண்டு. உயிரொலி தலையைச் சுற்றி வளைந்து எல்லாத் திசைக்கும் போகும். ‘ச’, ‘ட’, ‘க’ போன்ற மெய்களின் கூர்மையான பகுதி வாய் நோக்கும் திசைக்கே பெரிதும் செல்லும். ஆகவே நடிகன் முகத்தைத் திருப்பியவுடன் ராகம் கேட்கும், சொல் கேட்காது. நான்கு புறமும் மக்கள் இருந்த வட்டக்களரியில் இக்குறை எந்நேரமும் ஒரு பக்கத்தாருக்கு இருந்திருக்கவேண்டும். சுற்றி ஆடிக்கொண்டு அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவதும், சபையோர் அதை வாங்கிப் பாடுவதும், பாட்டின் பொருளை வசனத்தில் மறுபடி சொல்வதும் அந்தக் குறைக்கு மருந்தாகவும் அமைந்தன என்றே நான் எண்ணுகின்றேன். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி ஒருபக்க மேடைக்குக் கொண்டுவந்த பின்னர், அவ்வழியில் நடப்போர் நேரத்தைக் கருதித் திருப்பிப் பாடுவதைக் குறைத்துக்கொள்கின்றார்கள். குறைப்பது குற்றமன்று, குறைத்தால் ஒவ்வொரு சொல்லும் முதல் முறையிலேயே விளங்கவேண்டும் என்ற கடன் கூடுகின்றது.

இந்தியக் காணொளிகளைப் பார்த்துப் பழகும் மாணவர்கள் ‘வெற்றி’, ‘காற்று’ ஆகியவற்றில் ‘ட்ர’ என்பது போன்ற ஒலியைக் கொண்டுவருகின்றார்கள். எங்கள் வழக்கோ வேறு. எது சரி?
– காரைதீவு, பாடசாலை ஆசிரியை

பழந்தமிழ் இசையை ஆராயும் ‘யாழ் நூலை’த் தந்த விபுலாநந்தர் பிறந்த ஊரிலிருந்து ஒலிநுட்பம் பற்றிய வினா வந்தது மகிழ்ச்சி தருகின்றது. தொல்காப்பியர் சொற்களைக் கூர்ந்து பார்ப்போம். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை ‘ஒற்ற’ றகரமும் னகரமும் பிறக்கும் என்றும், நுனிநா அண்ணத்தை ‘வருட’ ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும் அவர் பிரித்துச் சொல்கின்றார். ஒற்றுதல் என்பது தொட்டு அடைத்தல்; வருடுதல் என்பது தடவிச் செல்லுதல். இலங்கையில் படித்தவர் ‘வெற்றி’ என்னும்போது நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள முரசில் (பல்லீறில்) ஒற்றிக் காற்றை அடைத்து விடுவிக்கின்றது. இடையில் ரகரச் சாயல் வருவதில்லை. ‘ரொறன்ரோ’ என்று நாங்கள் எழுதுவதும் இந்த ஒலியை நம்பித்தானே. ஆகவே எங்கள் ஒலிப்பு நூற்பாவுக்கு இசைந்தது. மாணவர்கள் அதைக் கைவிடவேண்டிய தேவை எதுவுமில்லை. தமிழகத்து ஒலிப்பும் அங்கே நிலைபெற்ற வழக்காதலால் அதைப் பரிகசிக்கவும் கூடாது. ஒரே நாடகத்தில் ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் சொல்வதே மேடையில் பிழை.

எனக்குக் கவலை தருவது றகரமன்று, லகர ளகர ழகரம். ‘வாலி’யும் ‘வாளி’யும் ஒன்றாக ஒலிக்குமாயின் கிட்கிந்தையின் அரசன் கிணற்றடிப் பாத்திரமாகிவிடுவான். லகரத்துக்கு நா விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைத் தொடவேண்டும். ளகரத்துக்கு நா மேலே வளைந்து அண்ணத்தைத் தொடவேண்டும். ழகரத்துக்கு அதே வளைவு இருந்தும் தொடக்கூடாது. கண்ணாடியின் முன் ‘கலை, களை, கழை’ என்று மெதுவாகச் சொல்லிப் பழகச் செய்யுங்கள். வேகம் தானாக வரும்.

தமிழ்த் தினப் போட்டிக்கு எழுதிய சமூக நாடகத்தில் எங்கள் பேச்சுத் தமிழைப் பயன்படுத்தினோம். ‘மறுகா’ (பிறகு), ‘கிறுகி’ (திரும்பி), ‘என்னகா’ (என்ன) போன்ற சொற்கள் மேடைக்கு ஏற்றவை அல்ல என்று ஒருவர் குறைகூறினார்.
– திருக்கோவில் மாணவர் ஒருவர்

பாத்திரம் திருக்கோவில் வயலில் நிற்கின்ற மனிதராயின் அவர் அப்படித்தான் பேசுவார். மட்டக்களப்புத் தமிழ் பேச்சு வழக்குகளிலெல்லாம் எழுத்துத் தமிழுக்கு மிக அணித்தானது என்று கமில் சுவெலபில் என்ற செக் நாட்டு அறிஞரே எழுதியிருக்கின்றார், கூச்சப்பட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வீட்டில் பேசும்போது சொல்லின் கடைசி அசையை விழுங்கிவிடுகின்றோம். மேடையில் வழக்குச் சொல்லையே சொல்லுங்கள். ஆனால் அதன் வாலைத் தின்றுவிடாதீர்கள்.

எங்கள் குழுவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடுகின்றோம். சுருதியை ஆண்களுக்கு வசதியாக எடுப்பதால் எங்கள் பாட்டு அடித்தொண்டையில் முனகலாகின்றது. ஒரு ஸ்தாயி மேலே எடுத்தால் கீச்சிடுகின்றது.
– கல்லடி, அரங்கியல் மாணவி

இது உங்கள் குரலின் குறையன்று, கணக்கின் விளைவு. வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் பேசும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவையும், பெண்ணினுடையவை ஏறத்தாழ 200 தடவையும் அதிர்கின்றன. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்லும் கருநாடக இசையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவதற்கும் இதுவே அடிப்படை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலத்தில் அண்ணாவியார் தம் குரலில் எடுத்துக் கொடுத்த சுருதி எல்லோருக்கும் பொருந்தியது. இன்று பெண்கள் களரிக்கு வந்த பின்னரும் சுருதி மட்டும் வந்த இடத்திலேயே நிற்கின்றது. பெண் பாத்திரம் தனியே வருகின்ற பாட்டுகளுக்கு நான்கு அல்லது ஐந்து கட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; மத்தளத்தைத் தவிர வேறு சுருதிக் கருவி இல்லாத அரங்கில் இம்மாற்றம் எளிது, சபையோர் மட்டும் முன்கூட்டியே பழகியிருக்கவேண்டும். தர்க்கப் பாட்டில் இருவரும் மாறிமாறிப் பாடுமிடத்தில், ஆணின் பஞ்சமத்தை (‘ப’) உங்கள் சட்சமமாகக் (‘ச’) கொண்டு பாடிப் பார்க்கலாம். அது எல்லா மெட்டுக்கும் பொருந்தாது. ஹார்மோனியம் ஒன்றை வைத்துக்கொண்டு மெட்டு மெட்டாகப் பார்க்கவேண்டும். அண்ணாவியாரிடம் இதைக் கேட்கத் தயங்குவதாக எழுதியிருக்கின்றீர்கள். வேடத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய சட்டம் கொடுக்கும் நாளிலேயே பணிவாகக் கேளுங்கள். அரங்கேற்றத்துக்கு முதல் வாரம் கேட்டால் எவருக்கும் கோபம் வரும்.

தரம் 9 மாணவன் ஒருவனுக்குக் குரல் உடைகின்றது. நன்றாகப் பாடுவான். நாடகத்திலிருந்து நீக்கிவிடலாமா?
– செங்கலடி, பாடசாலை ஆசிரியர்

நீக்கவேண்டாம். குரல்வளை வளர்ந்து நாண்கள் நீண்டு தடிக்கும் காலம் இது; சில மாதங்களில் நிலைபெறும். உச்சத்தில் பாடவேண்டிய பகுதியை வேறொருவருக்குக் கொடுத்து, இவனுக்கு வசனமும் தாழ்ந்த பாட்டும் கொடுங்கள். குரல் உடையும்போது மற்றவர்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கற்கண்டு, மிளகு, வேர்க்கொம்புக் (சுக்கு) கசாயம், பச்சை முட்டை, தொண்டை மிட்டாய் என்று ஆளுக்கொன்று சொல்கின்றார்கள். மேடைக்கு முன் எதை உண்ணலாம்?
– அக்கரைப்பற்று வாசகர்

விழுங்குகின்ற எதுவும் குரல்நாண்களின் மேல் படுவதில்லை. படுமாயின் புரையேறும். விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொண்டு உணவை அன்னக்குழாய்க்கே அனுப்புகின்றது. கற்கண்டும் கசாயமும் வாயையும் மேல்தொண்டையையும் நனைத்து இதமாக்கும். அந்த அளவுக்கு நல்லவை. பச்சை முட்டையால் பயனில்லை. மெந்தால் (menthol) மிகுந்த மிட்டாய் குளிர்ச்சிபோலத் தோன்றி உலர்த்திவிடக்கூடும். மரக்கச் செய்யும் மிட்டாய் இன்னும் தீது, ஏனெனில் வலி தெரியாமையால் புண்பட்ட நாண்களின் மேலேயே ஓங்கிப் பாடிவிடுவீர்கள். வரவுக்கு முன் ஒரு வாய் சாராயம் குரலைத் திறக்கும் என்று சொல்வோரும் உண்டு. அது திறப்பது கூச்சத்தை. குரலை அது காயச் செய்யும்.

தண்ணீர்தான் மருந்து. ஆனால் மேடையேறும்போது குடிக்கும் தண்ணீர் நாவை மட்டும் நனைக்கும். அது இரத்தத்தில் சேர்ந்து நாண்களின் மேலுள்ள ஈரப்படலத்துக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். காலையிலிருந்தே சிறிது சிறிதாகக் குடித்து வாருங்கள், கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் கூடுதலாக. கொதிநீரின் ஆவி பிடிப்பதும் நல்லது. அதில் தைலம் எதுவும் வேண்டாம். பழக்கம் முடிந்து நள்ளிரவில் கொத்து ரொட்டி தின்றுவிட்டு உடனே படுப்பவர்களுக்கு இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையை அரிப்பதுண்டு. காலையில் கரகரக்கும் குரலுக்குப் பாட்டைக் குறைசொல்வார்கள்.

உண்பதை விடுத்துச் செய்யத்தக்க ஒன்று சொல்கின்றேன். ஒரு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, உறிஞ்சுகுழாயை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தி, குழாயினூடே ‘ஊ’ என்று குரல் கொடுத்துக் குமிழி எழச் செய்யுங்கள். பின்னர் அதே நிலையில் பாட்டின் மெட்டை மேலும் கீழும் கொண்டுசெல்லுங்கள். குழாயில் தடைப்பட்டுத் திரும்பும் காற்றழுத்தம் நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகத்தைத் தணிப்பதால், குரல் களைப்பின்றிச் சூடேறுகின்றது. உடுப்புக் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும். பார்ப்பவர்கள் சிறுபிள்ளை விளையாட்டென்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கோயில் முன்றலில் தொடர்ந்து மூன்று இரவுகள் ஆடிய பின் குரல் கம்மிவிட்டது. ஒரு மாதமாகியும் திரும்பவில்லை. இரகசியக் குரலிலேயே பேசி வருகின்றேன். அடுத்த மாதம் மீண்டும் அரங்கேற்றம் உள்ளது.
– வாழைச்சேனை வாசகர்

முதலில் இரகசியக் குரலை நிறுத்துங்கள். அது ஓய்வென்று பலர் நினைக்கின்றார்கள். குரல்வளையை இறுக்கி, காற்றை இடுக்கினூடே தள்ளுவதால் பலருக்கு அது நாண்களை மேலும் வருத்துகின்றது. பேசவேண்டியதை மெல்லிய இயல்புக் குரலில், அருகிலிருப்பவருக்கு மட்டும் பேசுங்கள். தொண்டையைச் செருமுவதும் நாண்களை அறைவதற்கு ஒப்பாகும். செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள்.

செக்கனுக்கு 200 தடவை என்று கொண்டால், ஒரு மணித்தியாலம் இடைவிடாது குரல் எழுப்பும்போது நாண்கள் 7,20,000 தடவை மோதுகின்றன. இழுத்துப் பாடும்போது அம்மோதல் வலுக்கின்றது. வீக்கம் ஆற இடங்கொடாமல் அடுத்த இரவும் பாடினால் நாளடைவில் நாண்களின் விளிம்பில் சிறு தடிப்புகள் தோன்றலாம். அவற்றுட் பல ஓய்வினாலும் பேச்சுச் சிகிச்சையினாலுமே குணமாகின்றன. ஆனால் உங்களுக்கு இருப்பது அதுதானா, வேறு நோயா என்பதைக் கடிதத்தைப் பார்த்து எவராலும் சொல்லமுடியாது. மூன்று நான்கு வாரங்களைக் கடந்த குரல் கம்மலைக் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணர் ஒருவர் கருவியினால் நேரில் பார்த்தே தீரவேண்டும். புகைப்பவராகவோ வெற்றிலை, புகையிலை போடுபவராகவோ இருந்தால், விழுங்கும்போது வலி இருந்தால், கழுத்தில் கட்டி தென்பட்டால் இந்த வாரமே செல்லுங்கள். அடுத்த மாத அரங்கேற்றத்துக்கு உங்கள் சட்டத்தை வேறொருவர் படிக்கட்டும் என்று அண்ணாவியாரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்; அவருக்கும் ஆள் பழக்க நாள் வேண்டும்.